ஒருத்திக்கு மட்டும் ஒரு கோப்பை சாக்லேட்

1

ஒரு முட்டை, எண்பது கலோரி. பாதாம் மாவு இரண்டு மேசைக்கரண்டி, நூறு. கொக்கோ ஒரு மேசைக்கரண்டி, இருபது. வெண்ணெய் ஒரு தேக்கரண்டி, முப்பத்தைந்து. பேக்கிங் பவுடர் ஒரு சிட்டிகை, அதற்குக் கணக்கில்லை. சீனிக்குப் பதிலாக டப்பாவில் விற்கிற ஒரு வெள்ளைத் தூள், அதற்கும் ஏறக்குறையக் கணக்கில்லை. ஆக மொத்தம் இருநூற்று முப்பத்தைந்து.

எல்லாவற்றையும் ஒரு காபிக் கோப்பையில் போட்டு, முள்கரண்டியால் கட்டியில்லாமல் அடித்து, மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒன்றரை நிமிடம் வைக்க வேண்டும். கண்ணாடி வழியே பார்த்தால் கறுப்பாக ஒன்று மேலே எழும்பி வரும். வெளியே எடுத்ததும் செத்த நேரத்தில் அமுங்கிவிடும். கரண்டியை உள்ளே விட்டால் மேல் பக்கம் கேக் போலவும் நடுவில் கொழகொழவென்றும் இருக்கும். மைதா கிடையாது, சீனி கிடையாது, மாவுச்சத்து என்று பார்த்தால் பெயருக்குத்தான். ஒரு கோப்பை, ஒரு ஆளுக்கு.

இந்த இதழின் பக்கங்களில் போன தடவை பனி பெய்வதைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தின தடவை பஸ்ஸில் யாரும் யாரிடமும் பேசாததைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை சமையல் குறிப்பில் தொடங்கியிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இது நான் பழி தீர்த்த கதை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்கென்று எதையும் அடுப்பில் ஏற்றியதில்லை. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்தால்கூட இரண்டு டம்ளர் மிஞ்சும், அதை யாராவது குடிப்பார்கள். பலகாரம் செய்து அதை ஒருத்தி மட்டும், நாலு பேர் பார்க்க உட்கார்ந்து தின்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒரு இலையை மட்டும் தாண்டிப் போவதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். கொலை செய்தவனைக்கூட ஊர் மறந்துவிடும், பந்தி வஞ்சனை செய்த வீட்டை மறக்காது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இங்கிலாந்தில், கோவென்ட்ரியில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அதைச் செய்தேன். தெரிந்தே செய்தேன். எட்டு வாரம் திட்டம் போட்டுச் செய்தேன்.

2

கலோரிக் கணக்கு பழிக்காகத் தொடங்கியதல்ல. அது இந்த வருஷம், தொண்ணூற்றெட்டு ஜனவரியில், கிளினிக்கில் தொடங்கியது.

இந்த ஊரில் ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். நீங்கள் எந்த இனம் என்று ஒரு படிவம் கேட்கும். அடுத்த படிவம் அதையே வேறு மாதிரி கேட்கும். பன்னிரண்டு வருஷமாக நிரப்புகிறேன், இன்னும் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று ஒரு நிமிடம் யோசிப்பேன். எல்லாம் முடிந்து நர்ஸ் என்னை எடை பார்க்கும் மெஷினில் நிற்கச் சொன்னாள். நின்றேன். "பன்னிரண்டு ஸ்டோன், நாலு" என்றாள்.

இங்கே ஆள் எடையைக் கல் கணக்கில் சொல்கிறார்கள். கல் என்றால் எனக்குக் கடையில் தராசுத் தட்டில் வைக்கிற எடைக்கல்தான் தெரியும். அதில் பெரிசு உண்டு, சிறிசு உண்டு. என் இங்கிலீஷில் கேட்டேன்: "எந்தக் கல்லு? பெரிய கல்லா, சின்னக் கல்லா?" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. எடை மெஷினில் நிற்கும்போது பக்கத்தில் யாராவது சிரித்தால் என் உடம்பு தாங்காது. ஏன் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

எழுபத்தெட்டு கிலோ. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றாள் நர்ஸ். சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாரா வாரம் கொண்டுவரச் சொன்னாள். எழுதிக் கொண்டுபோனேன். அவளிடம் இருந்த கலோரிப் புத்தகத்தில் இட்லி இல்லை. புளிக்குழம்பு இல்லை. சுண்டல் இல்லை. எல்லாவற்றுக்கும் நேரே "கறி, ஒரு பங்கு" என்று எழுதிக்கொண்டாள். நான் காலையில் ஒரு பங்கு கறி, மத்தியானம் ஒரு பங்கு கறி, ராத்திரி ஒரு பங்கு கறி தின்கிற மனுஷி ஆனேன். எழுத்தில் இருப்பதை மாற்ற இன்னொரு படிவம் வேண்டுமாம், விட்டுவிட்டேன்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கிற ஷீலாதான் அந்தக் கோப்பை வித்தையைக் காட்டினாள். சோற்றையும் உருளைக்கிழங்கையும் விட்ட இரண்டாவது வாரம், பிள்ளைகள் மிச்சம் வைத்த கஸ்டர்டை நான் பார்த்த பார்வையைக் கண்டு பாவப்பட்டிருக்கிறாள். "செண்பகம், இதைச் செய்து தின்னு. ஒரு ஆளுக்கு மேல் வராது, அதனால் கணக்கு தப்பாது" என்றாள்.

முதல் தடவை பொங்கி வழிந்து அடுப்புத் தட்டெல்லாம் கறுப்பு. இரண்டாவது தடவை மூன்று நிமிடம் வைத்துவிட்டேன், செருப்பு ரப்பர் மாதிரி வந்தது. அதையும் தின்றேன், இருநூற்று முப்பத்தைந்து என்று எழுதினேன். நாலாவது தடவை சரியாக வந்தது.

மகள் மீனு பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பதினொன்று நடக்கிறது. பள்ளியில் அவள் பெயர் மீனா, அதுவும் "மினா" என்று குறுக்கிச் சொல்வாள். தலை பின்ன விடமாட்டாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் பாதிதான் வரும், மீதி தோளைக் குலுக்குவதில் போய்விடும்.

"ஒண்ணுதானா? எனக்கு?" என்றாள்.

"இது அம்மாவுக்கு மருந்து மாதிரி."

"வியர்ட்" என்றாள். போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான், எனக்கே முதல் சில நாள் தொண்டையில் இறங்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே தின்றேன், யாரோ வந்து பிடித்துவிடுவார்கள் என்பது போல.

3

ஏப்ரல் மாதம் என் வீட்டுக்காரர் கண்ணன், மீனுவைக் கூட்டிக்கொண்டு இங்குள்ள தமிழர்களின் சித்திரை விழாவுக்குப் போனார். எனக்குத் தலைவலி, போகவில்லை. திரும்பி வந்தவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

"நம்ம பக்கத்து ஆளு ஒருத்தங்களப் பாத்தேன். ராஜபாளையமாம். மகன் இங்க படிக்கானாம், கூட ஆறு மாசம் இருந்துட்டுப் போக வந்திருக்காங்க. உன் பேரச் சொன்னேன், வில்லிபுத்தூர்னு சொன்னேன். ஒரு நாள் சாப்பிட வரேன்னாங்க."

"யாரு?"

"சரோஜா அக்கான்னாங்க. பருத்திக் கமிஷன் மண்டி வச்சிருந்த குடும்பமாம்."

கையில் இருந்த தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன். கண்ணன் மதுரைக்காரர். எங்களுக்குக் கல்யாணம் ஆனது எண்பத்தைந்தில். அதற்கு முந்தின வருஷம் நடந்தது எதுவும் அவருக்கு அதுவரை தெரியாது. சொல்லாதே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இங்கே இப்போது சொல்கிறேன்.

எண்பத்தி நாலில் எனக்கு வயது இருபத்தொன்று. ராஜபாளையத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு கூடி வந்தது. வழக்கப்படி அவர்கள்தான் பெண் பார்க்க வர வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா சரோஜா தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "எங்கப்பா கட்டிலோட கெடக்காவ. அவியளுக்குப் பொண்ணக் காட்டணும். பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க." நோயாளி கேட்கிறார் என்றால் எப்படி மறுப்பது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இரண்டு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். நான் என்னுடைய ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தேன்.

வீட்டுக்கு முன்பக்கம்தான் பருத்திப் பொதி அடுக்குகிற கிட்டங்கி. வாசலில் பொதி நிறுக்கிற பெரிய பிளாட்பாரத் தராசு. அம்மாவை உள்ளே பெரியவர் படுத்திருந்த அறைக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவும் நானும் கிட்டங்கி வாசலில் நின்றோம். சுமை தூக்குகிற ஏழெட்டுப் பேர் பொதிகள் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நல்ல பருமனான உடம்பு, அதற்கேற்ற குரல். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"நம்ம கிட்டத் தராசு இருக்கு. பொண்ண ஏன் கண்ணால அளக்கணும்? ஏட்டி, செத்த அதுல ஏறி நில்லு, பாப்பம்."

என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கணக்குப்பிள்ளை தராசுக் கம்பியில் குண்டை நகர்த்தினார். பொதிக்குச் சொல்கிற அதே குரலில், "எழுபத்தி ரெண்டு" என்றார்.

"சாக்குக்குக் கழிப்பீகள்ல? இவ சேலைக்கு ஒண்ணு கழிங்க" என்றாள் சரோஜா.

"அப்பம் எழுபத்தி ஒண்ணு" என்றார் அவர். பழக்கதோஷத்தில் சீட்டில் எழுதவும் செய்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறி, இன்னொருவர் முதுகில் தட்டினார்.

பிறகு சாப்பாடு. பெண்களுக்குத் தனிப் பந்தி. எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சரோஜா. எல்லா இலைக்கும் பால்கோவா வைத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் கொண்டுபோன பால்கோவா. என் இலைக்கு வந்தபோது சரோஜா தன் கையை அகல விரித்து என் இலைக்கு மேலே வைத்தாள். "இவளுக்கு வேண்டாம். இப்பமே எழுபத்தி ஒண்ணு." பரிமாறின பெண் ஒரு கணம் தயங்கினாள், என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அம்மா தன் இலையில் விழுந்ததைத் தொடவில்லை. அதற்குமேல் அவளால் வேறென்ன செய்ய முடியும்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள். "வயசுப் பிள்ளையப் போயி அதுல ஏத்தலாமா? நீங்க பக்கத்துலதான நின்னீக?"

"அந்தப் பொம்பள கையப் புடிச்சு ஏத்திட்டா. நான் என்ன செய்ய?" என்றார் அப்பா.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். பெண் நல்ல பெண்தானாம், கொஞ்சம் கனமாம். அவர் வருவதற்கு முன்னாலேயே அந்த எண் வந்துவிட்டிருந்தது. கடைத்தெருவில் இரண்டு பயல்கள் என்னைப் பார்த்து, "எழுபத்தி ரெண்டுலே" என்பான் ஒருவன், "சேலைக்கு ஒண்ணு கழிலே" என்பான் இன்னொருவன். மம்சாபுரத்திலிருந்து என் பெரியம்மா துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, "எழுபத்தி ஒண்ணாம்லா? பாத்தா அம்புட்டுத் தெரியலயேட்டி" என்றாள். ஒரு வருஷம் நான் தெருவில் இறங்கும்போதெல்லாம் அந்த எண் எனக்கு முன்னால் நடந்து போனது.

4

இப்போது கணக்குக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. ஏப்ரலில் நான் எழுபத்தி நாலு. சரோஜா வருவதாகச் சொன்னது ஜூன் மாதம். அவள் என் வாசலில் நிற்கும்போது நான் எழுபத்தொன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். சேலைக்குக் கழிக்காமல்.

நர்ஸ் சந்தோஷப்பட்டாள். என் நோட்டைப் பார்த்துவிட்டு மற்ற நோயாளிகளுக்குக் காட்டலாமா என்று கேட்டாள். காலையில் இரண்டு முட்டை. மத்தியானம் கீரையும் மீனும். ராத்திரி ஒரு கிண்ணம் ரசம், அதில் ஒரு பருக்கை கிடையாது. எல்லாம் முடிந்து, இருநூற்று முப்பத்தைந்துக்கு இடம் இருந்தால் அந்தக் கோப்பை. ஊரில் இருந்தபோது ஆடி வெயிலில் கோயிலுக்கு நடந்து போகச் சோம்பல்பட்டவள், இங்கே மழையில் ஒரு மணி நேரம் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் முகம் முன்னால் வந்தது. எனக்கு வந்த வைராக்கியம் எந்த டாக்டர் சொல்லியும் வந்திருக்காது.

சித்திரை விழாவில் அவள் கண்ணனிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஆறு வருஷமாக அவளுக்குச் சர்க்கரையாம். இனிப்பை நாக்கில் வைப்பதில்லையாம். "பாவம், வில்லிபுத்தூர்க்காரி சமைச்சாலும் பாயசம் குடிக்க முடியாதேன்னு சொல்லிச் சிரிச்சாங்க" என்றார் கண்ணன். அவர் பாவம் என்று சொன்ன இடத்தில்தான் எனக்குத் திட்டம் பிறந்தது.

என் கோப்பையில் இருப்பது முட்டையும் பாதாமும். சர்க்கரை நோயாளி தாராளமாகத் தின்னலாம். ஆறு வருஷம் இனிப்புக்கு ஏங்கிக் கிடக்கிறவள் தின்னக்கூடிய ஒரு இனிப்பு இந்த வீட்டில் இருக்கும். அது ஒரு ஆளுக்குத்தான் வரும். அந்த ஆள் நான்.

மனது குறுகுறுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எட்டு வாரமும் அதை நினைத்து நினைத்துத்தான் பசியைத் தாங்கினேன். எந்தத் தட்டு, எந்தக் கரண்டி, எந்தப் பக்கம் அவளை உட்கார வைப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

5

ஜூன் ஞாயிறு காலையில் எடை பார்த்தேன். எழுபதரை. குளியலறையில் நின்று நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சரோஜாவை அவள் மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பகுதிநேர வேலைக்குப் போய்விட்டான். கதவைத் திறந்தேன். நின்றது வேறு யாரோ. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, ஸ்வெட்டருக்குள் ஒரு குச்சி. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். எட்டு வாரம் நான் நாயாக அலைந்து இறக்கியதை அவளுக்கு நோய் சும்மாவே இறக்கிக் கொடுத்திருந்தது. எனக்கு வந்தது இரக்கம் என்று எழுதினால் பொய். ஆத்திரம்தான் வந்தது. நான் காத்திருந்த ஆளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஏட்டி செண்பகம்" என்றாள். குரல் மட்டும் மாறவில்லை. "எளச்சுட்டியே."

நான் பட்டினி கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது வந்தது, ஆனால் இந்த உடம்பிலிருந்து வந்தது. வாங்க என்றேன்.

"இவிய வில்லிபுத்தூர் செண்பகம்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று கண்ணனைக் காட்டினாள். "அதான் வந்தேன்."

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அவளுக்குச் சப்பாத்தி, கோழிக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். நன்றாகச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். தட்டுகளை எடுத்துவிட்டுச் சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்தேன், அவள் முன்னாலும் ஒன்று. சேமியாப் பாயசம் எடுத்து வந்தேன். கண்ணனுக்கு ஊற்றினேன். மீனுவுக்கு ஊற்றினேன். சரோஜாவின் கிண்ணத்துக்கு வந்ததும் என் இடது கையை அகல விரித்து அதன் மேலே வைத்தேன்.

"அக்காவுக்கு வேண்டாம்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

உள்ளே போய்க் கோப்பையை அடுப்பில் வைத்தேன். ஒன்றரை நிமிடத்தில் வீடெல்லாம் சாக்லேட் வாசம். கொண்டுவந்து, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கரண்டியை உள்ளே விட்டேன். நடுவில் இருந்த குழம்பு மெதுவாக வழிந்தது. அதுவரை அவ்வளவு நன்றாக அது வந்ததே இல்லை.

"அது என்னதுட்டி?"

"சாக்லேட்டுக்கா. ஒரு ஆளுக்குத்தான் வரும்."

அவள் கண் கரண்டியோடு மேலே போய்க் கரண்டியோடு கீழே வந்தது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் மெதுவாகத் தின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

மீனுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, அதுல சுகரே இல்லையே. ஆன்ட்டி சாப்பிடலாம்ல? இன்னொண்ணு பண்ணலாமே, ஒன் அண்ட் எ ஹாஃப் மினிட்ஸ்தானே?"

"பாதாம் மாவு தீந்து போச்சு" என்றேன். டப்பா மீனுவுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. மீனு திரும்பி அதைப் பார்த்தாள். சரோஜாவும் பார்த்தாள். கண்ணன் பாயசத்தைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் முழித்தார்.

சரோஜா சிரித்தாள். கோபம் இல்லாத சிரிப்பு, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "சரியாத்தான் செஞ்சிருக்கா" என்றாள் கண்ணனிடம். "ஒங்களுக்குச் சொல்லலையாக்கும்? நாங்க இவள என் தம்பிக்குப் பாத்தோம். நான்தான் இவளப் பருத்தித் தராசுல ஏறச் சொன்னேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கணக்குப்பிள்ளை, டீ குடித்தவர்கள், சேலைக்குக் கழித்தது, கோவா. ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பதினாலு வருஷம் நான் என் வயிற்றுக்குள் கட்டிவைத்திருந்ததை என் மேசையில், என் பிள்ளை முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள்.

"எவ்வளவு இருந்தா?" என்றார் கண்ணன். உதட்டை மடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அவருக்கு வேறு ஒரு நாள் இருக்கிறது.

மீனு சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அதுல ஏறுன?" என்றாள்.

"அவிய கையப் பிடிச்சு ஏத்திட்டாவ" என்றேன்.

"நான் எங்கட்டி ஒங்கையப் புடிச்சேன்?" என்றாள் சரோஜா. "நான் வாசப்படியிலல்லா ஒக்காந்திருந்தேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். ஏற மாட்டேன்னு நீ சொல்லிருந்தா நானும் விட்டிருப்பேன்."

"அப்போ யூ குட் ஹேவ் செட் நோ" என்றாள் மீனு. "ஏன் நோ சொல்லல?"

கோப்பையில் இன்னும் இரண்டு வாய் இருந்தது. அதைத் தின்று முடித்தேன். பழி தீர்ந்ததா என்றால் தீர்ந்தது. அவள் போகும்போது கதவருகில் நின்று, "ஒன் மக நல்லாக் கேள்வி கேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது அந்தப் பிள்ளை கேட்டது காதை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. எவ்வளவு இருந்தாய் என்று கேட்டார்கள், ஏன் ஏறினாய் என்று கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

6

மறு ஞாயிறு வழக்கம்போல அப்பாவுக்குப் போன் போட்டேன். இங்கே காலை, அங்கே மத்தியானம். சரோஜா வந்துபோனதைச் சொன்னேன்.

"அப்பா, அன்னைக்குக் கிட்டங்கி வாசல்ல நடந்தது ஞாபகம் இருக்கா?"

"பிளவக்கல்லுல தண்ணி வந்துருச்சும்மா" என்றார். "இந்த வருசம் நல்ல தண்ணி."

அணையைப் பற்றிப் பேசினோம். பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். போனை வைத்தேன். அதன் பிறகு வந்த மூன்று ஞாயிறும் நான் போன் போடவில்லை. உட்கார்ந்து இதை எழுதினேன்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு இந்த இதழ் வந்ததும் அப்பாதான் என் பக்கத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். பனியைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாளாம். இதையும் இப்போது வாசித்துக்கொண்டிருப்பார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்பா, இந்த இடத்தில் நிறுத்திவிட்டு "அம்புட்டுதான் எழுதிருக்கா" என்று சொல்லிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, விடாமல் வாசியுங்கள். சரோஜா அக்கா என் கையைத் தொடவே இல்லை. அவள் சொன்னதும் நான் ஏறவில்லை, திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். "ஏறு தாயி, செத்த நேரந்தான" என்று சொன்னது நீங்கள்.

அம்மா, கேட்டுச்சா?